பாசிக்குக் காரணம் அம்மாவா?

கேள்வி: எங்கள் வீட்டு ஹாலில் இரண்டடி மீன் தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது. அம்புலியா, அனுபியாஸ், ஜாவா மாஸ் என்று செடிகளும் பத்து நியான் டெட்ரா மீன்களும் இருக்கின்றன. கரியமில வாயு சிலிண்டர் வைக்கவில்லை. காலை 11 மணிக்கு அம்மா விளக்கைப் போட்டுவிடுவார். நான் வேலை முடிந்து இரவு 9.30 மணிக்கு வந்து, 12 மணி வரை பார்த்துவிட்டு அணைப்பேன். என் அறையில் வைத்தால் குழந்தையின் தூக்கம் கெடும் என்பதால் ஹாலில் வைத்தேன். அம்மா ஹாலில்தான் படுப்பார். முந்தானையைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். ஆனால் சில நாள் நான் வருவதற்குள் விளக்கை அணைத்துவிடுகிறார். கண்ணாடியிலும் இலைகளிலும் பச்சைப் பாசி படிகிறது. இப்படி நேரம் மாறுவதுதான் காரணமா? தினமும் எத்தனை மணி நேரம் விளக்கு எரிய வேண்டும்? இரவில் நீல விளக்கை மட்டும் விட்டுவைக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: தம்பி, செடித் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் விளக்கு என்ற கேள்வி எனக்கு ஓயாமல் வருகிறது. அதற்குப் பதில் சொல்ல இரண்டு வரி போதும். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. 'என் அறையில் வைத்தால் குழந்தையின் தூக்கம் கெடும்' என்று எழுதிய கையோடு, அதே விளக்கின் அருகில் அம்மா தூங்கிவிடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கிற வெளிச்சம் எழுபதை நெருங்கும் கண்களை மட்டும் விட்டுவைக்குமா? உங்கள் அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. குழந்தையைப் பெற்ற மகனுக்கு அம்மா என்றால் நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

முந்தானையைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பவர் எப்போது தூங்கினார் என்று உங்களுக்குத் தெரியுமா? மகன் களைத்து வந்திருக்கிறான், ஆசையாக உட்கார்ந்து மீன் பார்க்கிறான், வாய் திறந்து ஏன் கெடுக்க வேண்டும் என்று பேசாமல் கிடக்கிறார். முடியாத நாளில், நீங்கள் வருவதற்குள் எழுந்து அணைத்துவிட்டுப் படுக்கிறார். தினமும் காலையில் மறக்காமல் விளக்கைப் போடுவதும் அவர்தான். அந்த அம்மாவைத்தான் பாசிக்குக் காரணமாக எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கப் போவதில்லை.

பாசிக்குக் காரணம் நீங்கள். காலை 11 முதல் இரவு 12 வரை பதின்மூன்று மணி நேரம். அம்மா 9 மணிக்கு அணைத்த நாளில்கூடப் பத்து மணி நேரம் எரிந்திருக்கிறது. கரியமில வாயு தனியாகக் கொடுக்காத தொட்டிக்கு அதுவே அதிகம். நான்கு மாதத்தில் அந்தத் தொட்டிக்கு யாராவது நல்லது செய்திருந்தால், அது அம்மா சீக்கிரம் அணைத்த அந்தச் சில நாட்கள்தான்.

செடி வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளராது. நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் சத்தும் சேர்ந்தால்தான் வளரும். மூடிய தொட்டியில் மீன்களின் மூச்சும் மண்ணில் மட்கும் கழிவும் இரவில் சேர்த்துவைத்த வாயுவை, விளக்கு எரிந்த சில மணி நேரத்தில் செடிகள் தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு எரிகிற விளக்கு பாசிக்கு விருந்து. பாசி கொஞ்சத்தில் பிழைக்கத் தெரிந்தது. அதிலும் அனுபியாஸ் மெல்ல வளரும் செடி. ஓர் இலை மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அதனால்தான் பச்சைப் புள்ளி முதலில் அதன் முதிர்ந்த இலைகளில் குந்துகிறது.

'சூரியன் பன்னிரண்டு மணி நேரம் அடிக்கிறதே' என்று பலரும் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் ஒரு பகுதி நீரின் மேலேயே பட்டுத் திரும்பிவிடும். ஓடைக்கரையில் மரநிழல் வேறு இருக்கும். உங்கள் எல்.இ.டி. பட்டையோ சுவிட்சைத் தட்டிய நொடியிலிருந்து உச்சிவெயில்.

சந்தேகமாக இருந்தால் ஒரு மாலை அம்புலியாவின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். காலையில் இறகு போல விரிந்திருந்த நுனி இலைகள், வெளிச்சம் போதும் என்றானதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பிவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருக்க, செடி தன் நாளை முடித்துக்கொள்ளும். நீங்கள் 9.30-க்கு வந்து பார்ப்பது கூம்பிப்போன செடியைத்தான். மீன்களுக்கும் அதே கதை. நியான் டெட்ராவுக்குக் கண் இமை கிடையாது. இழுத்துப் போர்த்திக்கொள்ள முந்தானையும் இல்லை. இருட்டில்தான் அதற்கு ஓய்வு. அப்போது நிறம் மங்கி, காலை வெளிச்சத்தில் அந்த நீலக்கோடு மெல்லத் திரும்பி வரும். அதை நீங்கள் ஒருநாளாவது பார்த்திருப்பீர்களா என்பது சந்தேகம்.

நீல விளக்கு வேண்டவே வேண்டாம். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பை மற்ற நிறங்களைவிட அதிகமாக அடக்குவது நீல ஒளிதான். வெள்ளையை அணைத்து நீலத்தைப் போடுவது அம்மாவுக்குச் செய்கிற சலுகை ஆகாது.

இனி நேரம். காலை 6.30 முதல் 8.30 வரை இரண்டு மணி நேரம், மாலை 4.30 முதல் 8.30 வரை நான்கு மணி நேரம். மொத்தம் ஆறு. நடுவில் விடும் இடைவெளியில் கரியமில வாயு மறுபடி சேரும். காலை இரண்டு மணி நேரம் உங்களுடையது. சீக்கிரம் எழுந்து, காபியோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மாலை அம்மாவுடையது; பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும். இரவில் பார்க்க முடியவில்லையே என்பீர்கள். முடியாதுதான். வீட்டில் பெரியவர் படுத்த பிறகு ஹால் அவருடைய அறை. நான் வளர்ந்த வீட்டில் தாத்தா படுத்தபின் ரேடியோ பாடாது. இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். சுற்றுவட்டு டைமரில் கால் மணிக்கு ஒன்றாக 96 பற்கள் இருக்கும். வேண்டிய பற்களை அழுத்திவிட்டால் போதும். ஆனால் மின்சாரம் போனால் வட்டு அங்கேயே நின்று, வந்த பிறகு அவ்வளவு நேரம் பின்தங்கி ஓடும். அடிக்கடி மின்தடை என்றால் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரே நல்லது. காலையில் ஹால் விளக்கைப் போட்டு அரை மணி நேரமாவது கழித்துத் தொட்டி விளக்கு எரியட்டும். கும்மிருட்டில் திடீரென்று எரிந்தால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும்.

பாசி மூடிய அனுபியாஸ் இலைகளைக் காம்போடு வெட்டி எடுங்கள். கண்ணாடியைத் துடைத்து, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்றுங்கள்.

டைமரைப் பொருத்துவதற்கு முன் அம்மாவிடம், 'எத்தனை மணிக்குப் படுக்க ஆசை?' என்று கேளுங்கள். எட்டரை என்று சொன்னால், மாலை நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி 7.30-க்கு அணையும்படி வையுங்கள். மூன்று வாரம் கழித்துக் கண்ணாடி தெளிவாக இருந்தால் அரை மணி நேரம் கூட்டலாம். அதையும் காலையில் கூட்டுங்கள்.