பனிக்கு அடியில் கோதுமை பிழைப்பது நொதிகளாலா?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல்லைப் பார்த்து வளர்ந்த பாளையங்கோட்டை மாணவர் ஒருவர், குளிர்நாடுகளில் பனி மூடிய வயலில் கோதுமைப் பயிர் சாகாமலிருக்க நொதி வேறுபாடுதான் காரணமா என்று கேட்டிருக்கிறார். பெருமளவு ஆம், ஆனால் எந்தத் தனி நொதியும் அதற்கு முழுப் பொறுப்பல்ல.

உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் சில வாரங்கள் இருந்த பிறகே குளிர்காலக் கோதுமை உறைபனியைத் தாங்கும் திறனைப் பெறுகிறது. அந்த வாரங்களில், கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகளை உண்டாக்கும் நொதிகள் செல் சவ்வைக் குளிரிலும் இளக்கமாக வைத்திருக்க உதவுகின்றன. வேறு சில நொதிகள் சுக்ரோஸிலிருந்து ஃபிரக்டான் என்னும் சர்க்கரைத் தொடரை உருவாக்கி, மண்மட்டத்தை ஒட்டிய தண்டடியில் சேமிக்கின்றன. நெல் ஃபிரக்டானைச் சேமிப்பதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்; அது உறைபனிக்கு வெகுமுன்பே, 15 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே தடுமாறத் தொடங்கிவிடும்.

ஒரே வேலையைச் செய்தாலும் அமைப்பில் வேறுபடும் நொதி வடிவங்கள், அதாவது ஐசோசைம்கள், ரகத்துக்கு ரகம் மாறும். எனினும் குளிர்தாங்கும் ரகத்தில் ஒரு வடிவம் காணப்பட்டால் அதுவே காரணம் என்று முடிவு கட்டுவது, என் கருத்தில், அவசரம். ஏனெனில் கோதுமையில் பல குளிர்கால மரபணுக்களை ஒருசேர இயக்கும் சிபிஎஃப் மரபணுக்கள் 5ஏ குரோமோசோமில் கொத்தாக உள்ளன, நொதி மாற்றங்களில் பல அவற்றின் விளைவுகளே.