குறுக்கெழுத்துக்கு ஒத்த சொல் பிடிப்பது எப்படி?

‘குறிப்பு புரிகிறது, கட்டத்துக்குப் பொருந்தும் சொல்தான் கிடைக்கவில்லை’ என்றால், முதலில் கட்டங்களை எண்ணுங்கள். உயிர்மெய்யும் ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டம்.

‘யானை’, 3 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். கரி, பிடி இரண்டெழுத்து, வாரணம் நான்கு. மிஞ்சுவது களிறு, வேழம். கடைசிக் கட்டத்தில் ‘ம்’ விழுந்திருந்தால் வேழம்தான். கட்டம் ஒத்துவந்தாலும் பொருளைப் பாருங்கள்: களிறு ஆண், பிடி பெண்.

பலர் சறுக்குவது விகுதியில். ‘சொன்னான்’ என்றால் விடையும் இறந்தகால ஆண்பால்தான்: கூறினான் (4), செப்பினான் (5), மொழிந்தான் (5). ‘மலையை’ என்றால் வெற்பு அல்ல, வெற்பை.

அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை அடுக்கித் தருவது நிகண்டு. பிங்கலமும் சூடாமணியும் இந்த வேலைக்கு அருமை. ஆனால் வழக்கொழிந்த சொற்களும் அவற்றில் ஏராளம். குறுக்கு விடை உறுதி செய்யும்வரை பென்சிலிலேயே எழுதுங்கள்.

எதுவுமே பொருந்தவில்லையா? குறிப்பே இருபொருள் சொல்லாக இருக்கலாம். ‘மதி’ நிலாவாகவும் இருக்கும், அறிவாகவும் இருக்கும், ‘மரியாதை செய்’ என்ற ஏவலாகவும் இருக்கும். முதல் கட்டத்தில் ழ, ள, ற, ன வரிசை எழுத்து வந்தால் குறுக்கே போட்ட விடைதான் தப்பு. தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது.