மொன்காடா: ராணுவ முகாமா, பள்ளிக்கூடமா?

கேள்வி: ஜூலை கடைசியில் குடும்பத்தோடு கியூபா போகிறோம். பிடல் காஸ்ட்ரோ தாக்கிய மொன்காடா ராணுவ முகாம் இப்போது பள்ளிக்கூடம் என்கிறார்கள். உள்ளே விடுவார்களா? சுவரில் தெரியும் குண்டுத் துளைகள் நிஜமானவையா?

பதில்: விடுவார்கள், ஆனால் எல்லாப் பக்கமும் அல்ல. கட்டடத்தின் பெரும்பகுதி பள்ளிதான். 1960 ஜனவரி 28-ல், கியூபாவின் விடுதலை வீரர் ஹோசே மார்த்தியின் பிறந்தநாளன்று, முகாமை ‘ஜூலை 26 பள்ளி நகரம்’ ஆக்கினார்கள். வகுப்பறைகளுக்குள் நுழையப் பார்க்காதீர்கள். உங்களுக்கானது மூன்றாம் எண் வாயிலை ஒட்டிய அருங்காட்சியகம். 1953 ஜூலை 26 விடியற்காலையில் சண்டை மூண்டதே அந்த வாயிலில்தான் என்பதால் பெரிதாக எதையும் தவறவிட மாட்டீர்கள்.

துளைகள் விஷயம் கொஞ்சம் வேறு. அன்றைய சர்வாதிகாரி பாடிஸ்டாவின் ராணுவம் அவற்றைச் சீக்கிரமே பூசி மறைத்துவிட்டது. இன்று இருப்பவை 1959-ல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்ற பிறகு மறுபடி உருவாக்கியவை. அரசு தன் வெற்றியைச் சுவரில் எழுதிக்கொண்ட விதம் அது. அப்படிப் பார்த்தால் போலி என்று ஒதுக்கவும் தோன்றாது.

தேதியில் கவனம் வேண்டும். ஜூலை 25 முதல் 27 வரை பொது விடுமுறை. முகாம் இருக்கும் சாண்டியாகோ நகரில் திருவிழாக் கூட்டமும் அப்போதுதான். அந்தக் கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் கண்ணில் பட மாட்டார்கள் என்றுதானே காஸ்ட்ரோவும் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்! அதற்கு முன்போ பின்போ போங்கள். அறை வாடகை விஷயத்திலும் அது நல்லது.

முகாமை மட்டும் பார்த்துத் திரும்பினால் கதை பாதிதான். பக்கத்திலேயே பழைய சதுர்நினோ லோரா மருத்துவமனையின் எஞ்சிய பகுதி இருக்கிறது. தாக்குதலில் காஸ்ட்ரோவுக்கு அடுத்த நிலையில் இருந்த ஆபெல் சாந்தாமரியாவின் குழு பிடித்துவைத்திருந்த இடம். அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அதே வளாகத்தில்தான் அக்டோபரில் காஸ்ட்ரோ மீதான விசாரணையும் நடந்தது. வழக்கறிஞரான அவர் தனக்காகத் தானே வாதாடினார். கிடைத்தது 15 ஆண்டு சிறை.

அரை நாள் மிச்சமிருந்தால் நகருக்கு வெளியே சிபோனே பண்ணை வீட்டுக்கு டாக்ஸி பிடியுங்கள். கோழிப்பண்ணை என்று சொல்லி வாடகைக்கு எடுத்து, கிணற்றில் ஆயுதங்களை ஒளித்துவைத்த வீடு அது. பிள்ளைகளுக்கு முகாமைவிட இதுதான் பிடிக்கும்.

சரி, தலைநகர் ஹவானாவிலிருந்து 850 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து சாண்டியாகோவுக்குப் போக முடியாதென்றால்? ஹவானாவின் மரியனாவ் பகுதியிலேயே பெரிய கொலம்பியா ராணுவத் தளம் இருந்தது. 1959-ல் அதையும் கல்வித் துறையிடம் கொடுத்து ‘சியுதாத் லிபர்தாத்’ என்று பெயர் மாற்றினார்கள். 1961 எழுத்தறிவு இயக்கத்தின் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது.