‘சர்வதேச இதழில் வந்த ஆய்வு’ என்றால் நம்பிவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு மூட்டு வலி. சத்து மாத்திரை விற்கும் ஒருவர், 40 பேரிடம் நடந்த மருந்துச் சோதனையின் கட்டுரை நகலைக் காட்டி, ‘சர்வதேச இதழில் வந்தது, நிபுணர்கள் சரிபார்த்தது’ என்கிறார். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா? கட்டுரை உண்மைதானா என்று நானே பார்க்க முடியுமா?

பதில்: மருத்துவர் தந்ததை நிறுத்த வேண்டாம். அந்த ஆய்வு அப்பழுக்கற்றதாகவே இருந்தாலும், 40 பேரை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது.

‘நிபுணர்கள் சரிபார்த்தது’ என்ற இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இதழுக்காகப் படிக்கும் நிபுணர் பெரும்பாலும் எழுதி வந்ததை மட்டும்தான் படிக்கிறார். நோயாளிவாரியான மூலத் தரவு அவர் கைக்கு வருவது அபூர்வம். அந்த 40 பேர் நிஜமாகவே இருந்தார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் இருக்கின்றன. கட்டுரையைத் தயாரித்து, ஆசிரியர் பட்டியலில் இடத்தை விலைக்கு விற்கும் தரகர்களும் இருக்கிறார்கள். ‘சர்வதேச’ என்ற பட்டத்தை எந்த இதழும் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் தேட வேண்டியது ஆய்வின் பதிவு எண். கட்டுரைச் சுருக்கத்தின் முடிவிலோ செய்முறைப் பகுதியிலோ இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பதிவுத் தேடுதளத்தில் அதை இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். 2005 ஜூலை 1 முதல் தொடங்கிய ஆய்வுகளுக்கு முன்னணி மருத்துவ இதழ் ஆசிரியர்கள் வைத்த நிபந்தனை இது. பதிவுத் தேதி, ஆள் சேர்க்கத் தொடங்கிய தேதி இரண்டையும் பாருங்கள். ஆய்வு முடிந்தபின் பதிவு செய்திருந்தால், விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதியிருக்க வாய்ப்புண்டு.

அடுத்து, எதை அளப்பதாகச் சொன்னார்கள்? பதிவில் ‘12ஆம் வாரத்தில் வலி’ என்றிருந்து, கட்டுரையில் ‘4ஆம் வாரத்தில் காலை நேர விறைப்பு’ என்று மாறியிருந்தால், 12ஆம் வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்றே நான் சந்தேகப்படுவேன்.

பிறகு பள்ளிக்கூடக் கணக்கு. மருந்து தரும் பிரிவு, தராத பிரிவு என்று 40 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் 20 பேர் என்றால் ஒருவர் 5 சதவீதம். ‘37 சதவீதம் பேருக்குக் குணம்’ என்பது 20 பேரில் வரவே வராது. ஒருவர் விலகி 19 பேர் ஆகியிருந்தால் வரும் (19இல் 7). ஆனால் அந்த விலகலைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

அவர் காட்டும் நகலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டிருந்தாலும் பழைய நகலில் அந்த முத்திரை இருக்காது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தில் தலைப்பைத் தேடுங்கள். அங்கே இல்லாததாலேயே சுத்தமானது என்றும் ஆகிவிடாது. புகார் போய் இதழ் அசைவதற்கே பல நேரம் வருடக்கணக்கில் ஆகிறது. அசைந்தாலும் அறிவிப்பு பல நேரம் பூசி மெழுகித்தான் வரும். கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைப் புகழ்ந்து 2020 நவம்பரில் வெளியான ஒரு முன்பதிப்பு (இதழின் சரிபார்ப்புக்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரை) 2021 ஜூலையில்தான் நீக்கப்பட்டது. ஆய்வு தொடங்கும் முன்பே இறந்துபோனவர்கள்கூட அதன் தரவில் இருந்தார்கள். அதற்குள் அது, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகளிலும் கலந்துவிட்டிருந்தது.

திரும்பப் பெறப்பட்டதெல்லாம் மோசடி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்தியதரைக் கடல் உணவுமுறை பற்றிய ‘பிரெடிமெட்’ ஆய்வில் 7,447 பேர். 2013இல் வெளியாகி, 2018இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரே வீட்டில் இருந்த சிலரைக் குலுக்கல் இல்லாமல் ஒரே பிரிவில் போட்டிருந்தார்கள். ஓர் ஆய்வு மையத்தில் ஆள் ஆளாகப் பிரிக்காமல் மருத்துவ நிலையம் முழுவதையும் ஒரே பிரிவில் சேர்த்திருந்தார்கள். ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டு, கணக்கைத் திருத்தி, அதே இதழில் மறுபடி வெளியிட்டார்கள். எண்கள் பெரிதாக மாறவில்லை, உறுதியாகச் சொன்ன தொனி மட்டும் தணிந்தது. எனவே திரும்பப் பெற்ற காரணத்தையும் படியுங்கள்.

விற்பவரிடம் பதிவு எண்ணை மட்டும் கேளுங்கள். கிடைத்தால் அதையும் மாத்திரைப் புட்டியின் லேபிளையும் அம்மாவின் மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரானால் அதை முதலில் சொல்லுங்கள்; இரண்டும் ஒத்துப்போகுமா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.