நைட் ஷிஃப்டும் ஒற்றை அறை வீடும்

மணலியில் இரவு 10 முதல் 6 வரை ஷிஃப்ட், கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை வீடு, பகலில் தூக்கமில்லாமல் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்னு எழுதியிருக்கீங்க. அது குணக்கேடு இல்ல சார், தூக்கக் கடன், அதாவது தூங்காம விட்ட நேரம் சேர்ந்துக்கிட்டே போறது.

முதல்ல டீ. அதுல இருக்கிற, தூக்கத்தை விரட்டுற கஃபைன் உள்ளே போனா பாதியாகக் குறையவே 5 மணி நேரம் போல ஆகும். விடிகாலை 5 மணிக்குக் குடிக்கிற டீதான் 8 மணிக்கு உங்களைப் புரட்டிப் போடுது. கடைசி டீ ராத்திரி 2 மணிக்குள்ள முடியட்டும். காலை வெயிலும் தூக்கத்தைக் கலைக்கும். திரும்பும்போது கூலிங் கிளாஸ் போடுங்க. ஆனா பைக்ல கண் சொக்குதுன்னா கழட்டிடுங்க, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல அந்த விளையாட்டு வேணாம்.

தூக்கத்தை ஒரே மூச்சில் தேடாதீங்க. பிள்ளைங்க பள்ளிக்குப் போனதும் 8:30 முதல் 1 வரை. மறுபடி ராத்திரி 7 முதல் 8:30 வரை. நடுவுல சாயங்காலம் 4 மணிக்கு அவங்க வீடு திரும்பினதும், அது நீங்க அவங்களோட இருக்கிற நேரம். குக்கர் விசிலை 1 மணிக்கு அப்புறம் வெச்சுக்க முடியுமான்னு வீட்ல கேளுங்க. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஃபேன் முழு வேகம். அந்த இரைச்சல் தெருச் சத்தத்தை அமுக்கும். தண்ணி லாரி வர்ற அன்னிக்கு மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது.