இரைச்சல் இசையை ரசிப்பவர்கள் நிஜமாகவே ரசிக்கிறார்களா, இல்லை பந்தாவா?

பாட்டும் மெட்டும் இல்லாமல் சத்தத்தையே இசையாகத் தரும் ஜப்பானியர் மெர்ஸ்பௌ; நண்பர் அனுப்பிய அவருடைய பதிவை 40 நொடிக்கு மேல் தாங்க முடியவில்லை, அனுப்பியவரோ அதைக் கேட்டுக் கண் கலங்கினேன் என்கிறார், இதில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் உங்கள் காதில் விழுந்ததும் அவர் காதில் விழுந்ததும் ஒரே சத்தம்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

என் ஊர் குமாரபாளையம். விசைத்தறி ஊர். எங்கள் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ராப்பகலாக 8 தறி ஓடும். ஒரு தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்துக்கொண்டு போய் வரும். 8 தறிக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வரும் சித்தி ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுப்பார். நாங்கள் அசந்து தூங்குவோம். எங்களுக்கு விழிப்பு வருவது கரண்ட் போனால்தான். சத்தம் நின்ற மறுநொடி வீட்டில் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்திருப்போம். அப்போது அம்மா சாதாரணமாக ஏதாவது கேட்டால்கூடக் கத்துவதுபோல் இருக்கும். கத்தித்தான் கேட்டிருப்பார், எங்கள் வீட்டில் எல்லோரும் எப்போதும் கத்தித்தான் பேசுவோம். தறி நிற்கும்போதுதான் அது எங்களுக்கே தெரியும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜப்பானின் ரியோஜி இகெடா 1996இல் 'பிளஸ் மைனஸ்' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். கணினியில் உண்டாக்கிய மெல்லிய ஒலிகளும் சொடுக்குகளும்தான் மொத்தமும். அதன் முடிவில் மிக உயரமான சுருதியில் ஓர் ஒலி வரும். ஓடும்போது அது இருப்பதே தெரியாது. நிற்கும்போதுதான் 'அட, இவ்வளவு நேரம் ஏதோ ஓடிக்கொண்டிருந்ததே' என்று உறைக்கும். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்ட் போன ராத்திரி அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

அதனால் நான் ஏதோ பிறவி ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் வேலை பார்த்தபோது அலுவலகத் தோழர் ஒருவர் இப்படி ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன ஹால், 40 பேர் இருந்திருப்போம். மேடையில் ஒருவர், ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவி ஒன்றோடு உட்கார்ந்திருந்தார். மைக் கிடையாது, கிட்டார் கிடையாது. மிக்சரின் அவுட்புட் ஒயரை எடுத்து அதன் இன்புட்டிலேயே சொருகியிருந்தார். வெளியே போகவேண்டிய சிக்னல் திரும்ப உள்ளே வர, கருவி தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு ஊளையிடும். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் ஊளை விசிலாகும், விசில் இடியாகும், இடி திக்கித் திக்கி அறுந்துபோகும். தொஷிமாரு நாகமுரா என்ற ஜப்பானியர் இந்த வித்தைக்குப் பேர்போனவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்துபோய் சவுண்ட் பார்ப்பவரிடம் "ஒயர் எங்கேயாவது லூசா இருக்கா சார்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உதவி செய்யத்தான் கேட்டார். பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு ஜோடி காதைப் பொத்திக்கொண்டு வெளியேறியது. ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளி ஒரு பையன் கண்ணை மூடி, கோயில் கருவறை முன் நிற்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். கடைசியில் மிஞ்சியது ஒரு டஜன் பேர். நானும் மிஞ்சினேன், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. காதில் அடுத்த நாள் மத்தியானம் வரை 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். எனக்கு அதைவிட எரிச்சல் தந்தது, நடுவில் எந்த இடத்தில் எழுந்து போவது என்றுகூடத் தெரியாமல் போனதுதான். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் காபிக்குக் கிளம்பலாம் என்று ஊருக்கே தெரியும். இங்கே அப்படி எந்தக் கதவும் இல்லை.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1954 டிசம்பர் 2, பாரிஸின் ஷான்ஸ் எலிசே அரங்கம். 1913இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசைக்குக் கூச்சலும் கலாட்டாவும் நடந்த அதே அரங்கம். எட்கார் வரேஸ் என்ற இசையமைப்பாளர் எழுதிய 'டெஸெர்' முதல்முறை வாசிக்கப்பட்டது. காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் வாசித்துக்கொண்டிருக்கும்போது மூன்று இடங்களில் அவை நின்று, ஒலிநாடா ஓடும். நாடாவில் இருந்தவற்றில் பெரும்பங்கு வரேஸ் தொழிற்சாலைகளில் பதிவுசெய்து வெட்டி ஒட்டிய சத்தங்கள். நிகழ்ச்சியை அமைத்தவர் எந்த நினைப்பில் அமைத்தாரோ, இதற்கு முன்னால் மொட்சார்ட், பின்னால் சைக்கோவ்ஸ்கி. மொட்சார்ட் கேட்டு மனசு இளகி உட்கார்ந்திருந்தவர்கள் காதில் பட்டறைச் சத்தம் விழுந்தால் என்ன ஆகும்? கூச்சல், விசில், இன்னொரு பக்கம் கைதட்டல். பிரெஞ்சு வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்ததால் வீட்டில் இருந்தவர்களுக்கு இசையோடு சேர்த்துச் சண்டையும் கேட்டது.

அந்தக் கூட்டத்தில் கத்தியவர்களை முட்டாள்கள் என்று எழுதுவது பின்னால் வந்த புத்தகங்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாயசம் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு மிளகாய்ப் பஜ்ஜியை இலையில் வைத்தால் பஜ்ஜி நன்றாகவே இருந்தாலும் கோபம் வரும்.

லூ ரீட் என்ற அமெரிக்க ராக் பாடகர் செய்தது இன்னும் மோசம். 1974இல் அவருடைய ஆல்பம் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்திருந்தது. 1975இல் 'மெட்டல் மெஷின் மியூசிக்' வருகிறது. அட்டையில் மேடை வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அவர். எவனும் கச்சேரிப் பதிவு என்றுதான் வாங்குவான். உள்ளே இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு 16 நிமிடம் 1 நொடி என்று அச்சடித்திருக்கும். பாட்டு இல்லை, தாளம் இல்லை. கிட்டார்களை ஆம்ப்ளிஃபையர் முன்னால் வைத்து எழுப்பிய ஃபீட்பேக் மட்டும், அதாவது வெளியே வரும் சத்தமே திரும்ப உள்ளே போய் எழும் ஊளை. நாலாவது பக்கத்தின் கடைசிப் பள்ளம் தன்னைத்தானே சுற்றும்படி வெட்டப்பட்டது. நாமாக எழுந்து முள்ளை எடுக்கும்வரை நிற்காது. முழுசாக நானே கேட்டதில்லை என்று அவரே அட்டைக் குறிப்பில் எழுதிவைத்தார். வாங்கியவர்கள் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். விண்வெளிக் குளிர்பெட்டி முனகுவதுபோல இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். லெஸ்டர் பேங்ஸ் என்ற இன்னொரு விமர்சகர், மனிதக் காது இதுவரை கேட்டதிலேயே இதுதான் உச்சம் என்கிற தோரணையில் தூக்கிவைத்து எழுதினார். அவர் நிஜமாகத்தான் சொன்னாரா, வம்புக்குச் சொன்னாரா என்று இன்றும் சண்டை நடக்கிறது. இரண்டும்தான் என்பது என் கட்சி.

இதன் பிற்பாதிதான் எனக்குப் பிடித்தது. 2002இல் பெர்லினில் ஸைட்கிராட்ஸர் என்ற குழு அந்த ஃபீட்பேக்கை உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஸ்வரமாக எழுதி, வயலின், செல்லோ, காற்றுக் கருவிகளில் வாசித்தது. லூ ரீடும் போய்க் கிட்டாரோடு சேர்ந்துகொண்டார். அதைக் கேட்ட பிறகு நான் 1975 பதிவுக்குத் திரும்பிப்போனேன். முன்பு ஒரே சுவராகக் கேட்டது இப்போது செங்கல் செங்கலாகக் கேட்டது. உள்ளே குட்டிக் குட்டி மெட்டுகள் மேலே வந்து முங்கிப்போகின்றன. பதிவு மாறவில்லை, என் காதுக்குத்தான் யாரோ கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் 40 நொடிக்கு வருகிறேன். எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில் என்றால் கதை அங்கேயே முடிந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அடித்தொனி வராது. மெர்ஸ்பௌவின் பதிவுகளில் கீழே வண்டி ஓடுவதுபோல ஓர் உறுமல் போய்க்கொண்டே இருக்கும், மேலே சீறல். உறுமல் போய்விட்டால் சீறல் மட்டும்தான் மிச்சம். சாம்பாரை வடிகட்டிவிட்டுத் தாளிப்பை மட்டும் வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. அதுவும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த சுருதிப் பகுதியில் மனிதக் காது ரொம்பக் கூர்மை. குழந்தை வீறிடுவது, கரும்பலகையில் நகம் கீறுவது எல்லாம் நம்மை உலுக்குவது அந்த இடத்தில்தான். எழுந்து ஓடு என்று உடம்பு சொல்வதில் தப்பே இல்லை. ஓடியவர்களுக்கு ரசனை போதாது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் காது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுபக்கம், கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் மூளை இன்னொரு வேலை செய்யும். எந்த ஒழுங்கும் இல்லாத இரைச்சலில் தானாக ஒழுங்கைத் தேட ஆரம்பிக்கும். அருவிச் சத்தத்தில் யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும் அல்லவா, அது மாதிரி. உங்கள் நண்பர் கண் கலங்கியது அந்தக் கட்டத்தில் என்று நினைக்கிறேன். நான் இதுவரை அழுததில்லை. ஆனால் தலைக்குள் ஓடும் பேச்சு நின்றுபோன அனுபவம் உண்டு. நெருக்கடியான ஒரு மாசத்தில் அது பெரிய விஷயமாக இருந்தது.

பந்தா பேர்வழிகள் இல்லவே இல்லையா? இருக்கிறார்கள், தாராளமாக. மெர்ஸ்பௌ என்பது மசாமி அகிடா என்ற ஒற்றை மனிதர், 1979இலிருந்து செய்துவருகிறார். குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் குப்பைகூளத்தை வைத்து வீட்டுக்குள்ளேயே கட்டிய 'மெர்ஸ்பாவ்' என்ற படைப்பின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். 2000ஆம் ஆண்டு 50 சிடி கொண்ட ஒரு பெட்டி வந்தது. அதை அலமாரியில் வைத்திருப்பவர்களில் 50ஐயும் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கமாட்டேன். ஆளை எடைபோட என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "இவர் செய்ததில் உனக்குப் பிடிக்காதது எது?" நிஜமாகக் கேட்பவன் உடனே ஒன்றைச் சொல்வான், காரணமும் சொல்வான். எல்லாமே அற்புதம் என்றால் பேச்சை மாற்றிவிடலாம். எனக்கு மெர்ஸ்பௌவின் 1996 'பல்ஸ் டீமன்' இன்றும் ஆகாது. மூச்சுவிட இடமில்லை, ஒரே உயரத்தில் வெள்ளைச் சுவர். 2000ஐ ஒட்டி அவர் லேப்டாப்புக்கு மாறிய பிறகு செய்தவற்றில் சில பிடிக்கும், ஏனென்றால் அவற்றில் சுழற்சி உண்டு. நான் தறிக்காரன் மகன், எனக்கு ஏதாவது சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

கேட்பதென்றால் ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். பெங்களூர் நிகழ்ச்சிக்கு நான் பஞ்சுகூட இல்லாமல் போனது முட்டாள்தனம்.

இதில் அப்பாவைச் சொல்லியாகவேண்டும். 35 வருஷம் பட்டறையில் இருந்தவர். போன வருஷம் காது பரிசோதனை செய்தோம். தாளில் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் குழியில் விழுந்ததுபோல இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு முதலில் பழுதாவது அந்த இடம்தானாம். நம்மைக் காதைப் பொத்தவைக்கும் அதே சீறல் பகுதி, அப்பாவுக்குப் பாதி வந்து சேர்வதே இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ஆசையில் நல்ல ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, அந்தச் சுழலும் மெர்ஸ்பௌவில் ஒன்றைக் குறைந்த சத்தத்தில் போட்டேன். பக்கத்தில் அம்மா, கசியும் சத்தத்துக்கே முகம் சுளித்து, "மிக்ஸில கல்லு மாட்டிக்கிச்சா?" என்றார். அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலையைச் சாய்த்து, பட்டறை வாசலில் நின்று கவனிப்பாரே, அந்த மாதிரி மூன்று நிமிடம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு தறி ஓடுது கண்ணு. ஒண்ணு செத்த மெதுவா ஓடுது, அதான் ரெண்டும் சேந்து சேந்து பிரியுது."

சரிதான். இரண்டு சுழற்சிகள், நீளம் கொஞ்சம் வித்தியாசம். எனக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆகியிருந்தது. பிடித்திருந்ததா என்று கேட்டேன்.

"புடிக்கறதுக்கு என்ன இருக்குது இதுல? ரெண்டாவது தறிக்குப் பெல்ட் லூசு. ஆளு தெரிஞ்சவனா இருந்தாச் சொல்லிரு."