மாண்டிசோரி பள்ளியில் என் மகனுக்கு இடமில்லை என்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்வி உரிமை என்பதே புதிதாக வந்த பேச்சா?

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள உங்கள் மகனை "எங்கள் முறை இவனுக்குச் சரிப்படாது" என்று ஒரு மாண்டிசோரி பள்ளி திருப்பி அனுப்பியிருக்கிறது, அதற்குச் சட்டப்படி என்ன செய்யலாம் என்பது ஒன்று. இவர்களுக்கான கல்வி, உரிமை எல்லாம் சமீபத்தில் வந்ததுதானா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பள்ளி உங்களிடம் சொன்ன அதே வாக்கியத்தை என்னிடமும் ஒரு பள்ளி சொன்னது. வருடங்கள் கடந்தும் எனக்கு அது ஆறவில்லை.

மாண்டிசோரி முறை பிறந்ததே உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளிடம்தான். பள்ளிக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

1800இல் பிரான்சின் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து பேச்சே இல்லாத ஒரு சிறுவன் பிடிபட்டான். பெரிய மருத்துவர்கள் எல்லாம் இவனுக்கு எதுவும் ஏறாது என்று கைவிட்டார்கள். பாரீஸில் காது கேளாதோர் பள்ளியில் இருந்த இத்தார் என்ற இளம் மருத்துவர் மட்டும் அவனை எடுத்துக்கொண்டு பல வருடம் சொல்லிக்கொடுத்தார். பையன் பேசக் கற்கவில்லை, ஆனால் சில சொற்களை எழுத்தில் அடையாளம் கண்டான். அந்த இத்தாரின் மாணவர் எத்வார் செகன். இவர்தான் பாரீஸின் மனநல விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு 1840களில் வகுப்பு நடத்தினார். தொடுதல், பார்த்தல், கையசைவு ஆகியவற்றில் தொடங்கி, அதிலிருந்து எழுத்துக்கும் எண்ணுக்கும் போகலாம் என்று காட்டியவர். பிறகு அமெரிக்கா போனார், அங்கே இந்தப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் உருவாக உதவினார்.

மரியா மாண்டிசோரி அடுத்த தலைமுறை. ரோமில் மருத்துவம் படித்துவிட்டு மனநல விடுதிகளுக்குப் போய்வந்தபோது, வெறும் அறையில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் கைக்கு எடுத்து விளையாட ஒரு பொருள்கூட அங்கே இல்லை. அவர் செகனின் புத்தகத்தைத் தேடிப் படித்து, கைப்பட இத்தாலியனில் எழுதியே வைத்துக்கொண்டார். 1900இல் இந்தப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளியில் பொறுப்பேற்றார். அங்கே படித்த சில பிள்ளைகள், மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே அரசுத் தேர்வை எழுதித் தேறினார்கள். அப்போது அவருக்குள் எழுந்த கேள்வி, அப்படியானால் சாதாரணப் பிள்ளைகளை எது இவ்வளவு கீழே வைத்திருக்கிறது என்பது. அந்தக் கேள்வியோடுதான் 1907இல் ரோமின் ஏழைக் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது. உலகத்துக்குத் தெரிந்த மாண்டிசோரி கதை அங்கே ஆரம்பிக்கிறது, அதற்கு முந்தைய பாதி யாருக்கும் தெரிவதில்லை.

1939இல் அவர் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அதே 1939இல்தான் ஜெர்மனியில் ஊனமுற்ற குழந்தைகளை மருத்துவர்களே கொல்லும் திட்டம் தொடங்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1927லேயே, 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்திருந்தது. அதனால் 'முன்பு ஒன்றுமே இல்லை, இப்போதுதான் முன்னேறினோம்' என்ற கணக்கு சரியல்ல. சொல்லிக்கொடுக்க முடியும் என்று நிரூபித்து நூறு வருடம் ஆன பிறகும் கொல்லலாம் என்று முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். என் மகளுக்கு மிதமான அறிவுசார் குறைபாடு. ஊரில் நல்ல பெயர் வாங்கிய மாண்டிசோரி நர்சரி அது. பேர் சொல்ல மாட்டேன். தாளாளர் எங்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இவள் அலமாரியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தாள். குழிகளில் சின்னது பெரியதாக உருளைகளைப் பொருத்துவார்களே, அது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். சேராததை எடுத்து வேறு குழியில் வைத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தாளாளர் அதைப் பார்த்துக்கொண்டேதான், "எங்கள் முறை இவளுக்குச் சரிப்படாதும்மா, மற்றப் பெற்றோரும் ஒத்துக்கமாட்டாங்க" என்றார். ஆயாம்மா வந்து கட்டையை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார். என் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிட்டார்.

சில மாதம் கழித்து ஊனச் சான்றிதழுக்காக அரசு மருத்துவமனை உளவியலாளரிடம் போனோம். அவர் மேசையில் வைத்ததும் ஒரு மரப்பலகை. வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து வடிவங்கள், பொருத்தும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு இன்றைக்கும் செகன் பலகை என்றுதான் பெயர். அறிவு வளர்க்க அவர் வழிகாட்டியதை, எவ்வளவு குறை என்று அளக்க வைத்திருக்கிறோம். அளப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஒரு சலுகையும் கிடைக்காது. ஆனால் அளப்பதோடு நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு அதில் என்ன பயன்?

கடைசியில் அவளைச் சேர்த்துக்கொண்டது எங்கள் தெருவுக்கு அடுத்த அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி. ஒன்றாம் வகுப்பு டீச்சர் புளியங்கொட்டையும் மணலும் வைத்தே எழுத்து சொல்லிக்கொடுத்தார். ஐந்தாம் வகுப்புவரை அங்கே படித்தாள். இப்போது பஸ் போர்டு படிப்பாள், கடையில் மீதிச் சில்லறை சரிபார்ப்பாள்.

உடனே சிலர் வருவார்கள் என்று தெரியும். எல்லா மாண்டிசோரி பள்ளியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளை மகிழ்ச்சியாகச் சேர்க்கும் பள்ளிகளும் உண்டு. சிறப்புப் பள்ளிகளுக்கும் நான் எதிரியல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து என் மகள் சிறப்புப் பள்ளிக்குத்தான் போனாள், அங்கே கற்ற தொழிலில்தான் இன்று கொஞ்சம் சம்பாதிக்கிறாள். மும்பையின் ஜெய் வகீல் பள்ளி 1944இல் ஒரு பெற்றோர் தங்கள் மகளுக்காகத் தொடங்கியது. அப்படிப் பெற்றோர் கட்டியெழுப்பிய பள்ளிகள் இல்லையென்றால் இந்த நாட்டில் நம் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையோடு நின்றிருப்பார்கள். எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும், வாசலில் நிற்பவர் அல்ல. நான் சொல்வது அவ்வளவுதான். 'மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும்' என்பவர்களுக்கு: என் மகளோடு படித்தவர்கள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள், தெருவில் பார்த்தால் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

சரி, சட்டம். நம் நாட்டில் 1912இன் பைத்தியக்காரர் சட்டம் இவர்களையும் மனநோயாளிகளையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. 1987 மனநலச் சட்டத்தில்தான் பிரித்தார்கள். 1995இன் ஊனமுற்றோர் சட்டம் 18 வயதுவரை இலவசக் கல்வி என்றது. 2007இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது, அதன் 24ஆம் பிரிவு எல்லோரோடும் சேர்ந்து படிக்கும் உரிமையைச் சொல்கிறது. அதை ஒட்டி வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் இப்போது உங்கள் கையில் இருப்பது. அதன் 16ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, நீங்கள் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு இவர்களையும் தகுதியாக்கியது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகள் அந்த இடத்திலேயே குரல் மாறும். மாறாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பலாம், வக்கீல் தேவையில்லை. விசாரணையில் ஆட்களை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் 89ஆம் பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய்வரை அபராதம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதையும் கொட்டாமல் இருக்க முடியவில்லை. மகளுக்கு 18 முடிந்ததும் அவள் பேரில் கணக்கு தொடங்க வங்கிக்குப் போனேன். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு கொடுத்த சட்டப்பூர்வக் காப்பாளர் சான்றிதழ் கையில் இருந்தது. மேலாளர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார். அந்தச் சான்றிதழை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகும் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று அலைக்கழித்தார். அவள் வரிசையில் நின்று, தன் சம்பளக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா போடுவாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் வேலைக்கான விதியைத் தெரிந்துகொள்ளாத ஒருவரிடம் போய் நாங்கள் ஏன் கெஞ்ச வேண்டும்?

உங்கள் மகன் சிறு பையன் என்பதால் காப்பாளர் சான்றிதழ் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், அப்பா அம்மாவே காப்பாளர்தான். இப்போதைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டையும் கேளுங்கள், ஒரு லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி இரண்டையும் பள்ளி கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பள்ளி எழுத்தில் பதில் கொடுத்தால், பெயர்களை மறைத்துவிட்டு இங்கேயே கருத்தில் போடுங்கள். ஆணையருக்கான மனுவைச் சேர்ந்து எழுதிவிடலாம்.